நூற்சுருக்கம்: தமிழ் மரபில் சுருக்கி எழுதுதலின் வரலாறு

நூற்சுருக்கம் என்பது ஒரு நூலின் பொருளை, அதன் ஆசிரியர் கருத்து மாறாமலும் முதன்மையான செய்திகள் விடுபடாமலும், குறைந்த அளவில் எடுத்து எழுதுவதாகும். 'சுருக்கி வரைக' என்று தமிழ்த் தேர்வுத்தாளில் வரும் சிறு வினாவாகவே இதைப் பலரும் அறிந்திருப்பர். இலக்கிய வரலாற்றில் இதற்குள்ள இடம் அதைவிடப் பெரியது. மூலநூல் மறைந்துபோய், யாரோ ஒருவர் எழுதிவைத்த சுருக்கம் மட்டும் எஞ்சி, அந்நூலின் கதையை இன்றுவரை நமக்குச் சொல்லிவருவதும் உண்டு. அத்தகைய சுருக்கங்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்று பார்த்தால், நல்ல சுருக்கத்தின் இயல்புகள் தாமே விளங்கும்.

பெயர்களும் வகைகளும்

சுருக்கத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. அவை யாவும் ஒரே பொருளுடையன அல்ல.

கருத்து: ஒரு பாட்டு அல்லது நூற்பா எதைச் சொல்ல வந்தது என்பதை ஓரிரு வரியில் கூறுவது. பழைய உரைகளில் 'கருத்துரை' எனப்படும்.

பொழிப்பு: சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறாமல், பாட்டின் பொருள் முழுவதையும் திரட்டிச் சொல்வது. நன்னூல் உரையின் உறுப்புகளைக் கூறுமிடத்தில் இதனைத் 'தொகுத்துரை' என்கிறது.

கொளு: ஒரு துறையின் பொருளைச் சில சொற்களில் அடக்கிக் காட்டும் சிறு செய்யுள். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் ஒவ்வொரு துறைக்கும் முதலில் கொளுவும் அதன்பின் எடுத்துக்காட்டு வெண்பாவும் அமைந்துள்ளன. திருக்கோவையார் பாடல்களுக்கும் கொளு உண்டு.

பதிகம்: நூலின் முகப்பில் நின்று அதன் வரலாற்றையும் உள்ளடக்கத்தையும் தொகுத்துச் சொல்வது. சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய இரண்டின் பதிகங்களும் கதையைச் சுருக்கிக் கூறி, அந்தந்த நூலின் முப்பது காதைகளையும் வரிசையாகச் சொல்கின்றன. இன்றைய நூல்களின் முன்னுரையும் பொருளடக்கமும் சேர்ந்து செய்யும் வேலையை அவை அன்றே செய்தன.

சாரம், சங்கிரகம்: ஒரு பெருநூலின் பிழிவைத் தனி நூலாக ஆக்கித் தருவது.

கருத்து, 'இப்பாட்டு எதற்காக?' என்ற வினாவுக்கு விடை. பொழிப்பு, 'இப்பாட்டில் என்னென்ன உள்ளன?' என்ற வினாவுக்கு விடை. இரண்டையும் குழப்பிக்கொள்வதே மாணவர் எழுதும் சுருக்கங்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

இலக்கண நூல்கள் கூறுவன

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்கு வகையாகக் கூறுகிறது. தொகுத்தல் என்பது விரிந்து கிடக்கும் முதல்நூலைச் சுருக்கிச் செய்வது. சுருக்கி எழுதுவதும் ஒரு நூல் செய்யும் முறையே என்பதைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துள்ளது. இவை எல்லா நூலுக்கும் பொது. ஆயினும் சுருக்கம் எழுதுவோருக்கென்றே சொல்லியவை போலச் சில உள்ளன. சொல்ல வேண்டியதை விட்டுவிடுவது குன்றக் கூறல். வேண்டாததைச் சேர்ப்பது மிகைபடக் கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் நீளச் செல்வது மற்றொன்று விரித்தல். சுருக்குபவர் முதற்குற்றத்துக்கு அஞ்சினால் இரண்டாவதில் விழுவார். இரண்டாவதற்கு அஞ்சினால் முதலாவதில் விழுவார். இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் இக்கலை.

அழகுகளில் முதலில் நிற்பது சுருங்கச் சொல்லல். அதற்கு அடுத்தே விளங்க வைத்தல் நிற்கிறது. சுருக்கமாக இருந்தும் விளங்கவில்லை என்றால் படிப்பவருக்கு அதனால் பயனில்லை. இவ்விரண்டும் சேர்ந்து வராதபோது என்ன நேரும் என்பதற்குப் பின்னால் ஒரு சான்று வருகிறது.

தொகை, வகை, விரி: பெரியபுராணத்தின் பாதை

ஒரே பொருள் சிறுத்தும் பெருத்தும் பல வடிவம் எடுத்ததற்கு நாயன்மார் வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுத் தமிழில் இல்லை எனலாம். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை 11 பாடல்களில் அடியார்களின் பெயர்களைத் தொகுத்தது. நம்பியாண்டார் நம்பி அதனைத் திருத்தொண்டர் திருவந்தாதியாக 89 பாடல்களில் வகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அதனைப் பெரியபுராணமாக விரித்தார். இம்மூன்றையும் முறையே தொகை, வகை, விரி என்று சைவ மரபு வழங்கும்.

கதை இத்துடன் முடியவில்லை. விரிந்த நூல் மீண்டும் சுருங்கியது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கூறப்படும் திருத்தொண்டர் புராணசாரம், ஒவ்வோர் அடியார் வரலாற்றையும் ஏறத்தாழ ஒரு விருத்தத்தில் அடக்கியது. 1852இல் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார். செய்யுள் படிக்க இயலாதவரும் நாயன்மார் வரலாற்றைத் தாமே படிக்க அது வழிசெய்தது.

இந்த வரிசையில் கண்ணப்ப நாயனார் வரலாற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுந்தரரிடத்தில் அது ஒரு பெயர். நம்பியிடத்தில் ஒரு பாடல். சேக்கிழாரிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். திண்ணன் வேட்டைக்குச் சென்றது, காளத்தி மலையைக் கண்டது, வாயில் சுவைத்துப் பார்த்த இறைச்சியைப் படைத்தது, சிவகோசரியார் அதைக் கண்டு பதைத்தது, இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றது எல்லாம் விரிவில் மட்டுமே உள்ளன. ஆனால் நம்பியின் ஒரே பாடலிலும் இரண்டு செய்திகள் விடுபடவில்லை. இறைவன் கண்ணில் குருதி வந்தது என்பது ஒன்று. அதற்காகத் தம் கண்ணை இடந்து அப்பினார் என்பது மற்றொன்று.

'கண்ணப்பர் தம் கண்ணைத் தோண்டினார்' என்று மட்டும் ஒருவர் சுருக்கினால், அதில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் குருதியைச் சொல்லாமல் விட்டதால் பக்தி பித்தாக மாறிவிடும். செயலைச் சொல்லும்போது அதன் காரணத்தையும் உடன் சொல்ல வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். எவ்வளவு சுருக்கினாலும் இந்த இணையைப் பிரிக்கக் கூடாது.

மூலம் மறைந்து சுருக்கம் எஞ்சியது: பிருகத்கதை

தமிழில் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை, உதயணன் வரலாற்றைக் கூறுவது. இக்கதைக்கு முதலாகக் கூறப்படுவது, குணாட்டியர் பைசாச மொழியில் எழுதிய பிருகத்கதை. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. அதன் வழிவந்த நூல்களே கிடைத்துள்ளன.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் அனந்தன் ஆண்ட காலத்தைச் சேர்ந்த இருவர் இக்கதைத் தொகுதியை வடமொழியில் சுருக்கினர். ஒருவர் சேமேந்திரர், அவர் நூல் பிருகத்கதாமஞ்சரி. மற்றவர் சோமதேவர், அவர் நூல் கதாசரித்சாகரம். இருவர் முன்னும் இருந்தது காஷ்மீரத்தில் வழங்கிய ஒரு வடிவமே என்பது ஆய்வாளர் கருத்து. சேமேந்திரர் ஏறத்தாழ 7,500 சுலோகங்களில் முடித்தார். சோமதேவர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்களை எடுத்துக்கொண்டார்.

அளவை மட்டும் பார்த்தால் சேமேந்திரரே நன்றாகச் சுருக்கியவர். ஆனால் அவர் சுருக்கிய வேகத்தில் பல இடங்களில் கதையின் கண்ணிகள் அறுந்துவிட்டன. யார், ஏன், எங்கே என்பது புலப்படாத இடங்களைப் புரிந்துகொள்ளப் பலமுறை சோமதேவரையே துணைக்கு அழைக்க வேண்டியுள்ளது. அதே சேமேந்திரர் வருணனை வரும் இடங்களில் தம் புலமையைக் காட்ட நின்றுவிடுவதும் உண்டு. ஒரே நூலில் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் சேர்ந்துகொண்டன.

சோமதேவர் தம் நூலின் தொடக்கத்திலேயே தாம் செய்ததை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். மூலத்தில் உள்ளபடியே கூறுவதாகவும், அதைச் சிறிதும் மீறவில்லை என்றும், நூலின் நீளத்தைக் குறைத்ததும் மொழியை மாற்றியதுமே தம் வேலை என்றும் அவர் கூறுவதன் கருத்து. சுருக்கம் எழுதுபவர் படிப்பவருக்குக் கொடுக்க வேண்டிய வாக்குறுதி இதுவே. ஆயிரம் ஆண்டுகளாகக் கதை விரும்பிகள் அவர் நூலையே தேடிப் படித்து வருகின்றனர்.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு நிலை உண்டு. பெருங்கதையின் தொடக்கப் பகுதியும் இறுதிப் பகுதியும் ஏட்டிலேயே அழிந்துவிட்டன. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான உதயணகுமார காவியம் இதே கதையை நானூறுக்கும் குறைந்த பாடல்களில் கூறுகிறது. கவிதை என்ற அளவில் அதனை அறிஞர்கள் உயர்வாக மதிப்பதில்லை. ஆனால் கதையின் தலையும் காலும் அதில் இருக்கின்றன. பெருங்கதையை எடுத்த எடுப்பில் படிக்கத் தொடங்குபவர் நடுக்கடலில் இறங்கியது போலத் திகைப்பார். அந்த எளிய காவியம் அவருக்குக் கரையைக் காட்டும்.

எதிரியின் நூலைச் சுருக்கியவர்: குண்டலகேசி

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி பௌத்த நூல். நாதகுத்தனார் இயற்றியது. அது முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே பிற நூல்களின் வழியாக எஞ்சியுள்ளன. அவற்றைக் கொண்டு கதையைக் கட்டி எழுப்ப இயலாது. ஆயினும் அதன் கதை நமக்குத் தெரியும். வணிகர் மகள் ஒருத்தி, கொலைத் தண்டனை பெற்ற கள்வன் ஒருவனைக் கண்டு காதலித்து மணக்கிறாள். பின்பு ஊடலில் அவனைக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். சினந்த கணவன் மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முற்படுகிறான். வலம் வந்து வணங்குவதாகச் சொல்லி அவனைக் கீழே தள்ளிவிட்டுத் துறவு பூணுகிறாள். சமய வாதங்களில் ஈடுபட்டு இறுதியில் பௌத்தம் சேர்கிறாள்.

இக்கதை தமிழில் நமக்கு எங்கிருந்து கிடைத்தது? நீலகேசியின் உரையிலிருந்து. நீலகேசி, குண்டலகேசியை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூல். அதற்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவரும் சமணர். தாம் மறுக்கும் நூலின் தலைவி யார் என்று படிப்பவர் அறியும்பொருட்டு அவர் அவளுடைய வரலாற்றை உரையில் எடுத்துச் சொன்னார். இந்நூலையும் உரையையும் 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார்.

எதிர்த்தரப்பின் கதையைச் சொல்லும்போது கேலிக்குரியதாகத் திரித்துவிடுவது எளிது. கேட்பவரும் தம் பக்கத்தவர், மறுப்பவரும் இல்லை. இந்த உரையாசிரியர் கூறியது சரியா என்று சோதிக்க நமக்கு ஒரு வழி இருக்கிறது. தேரிகாதை, தம்மபதம் ஆகியவற்றின் பாளி உரைகளிலும் குண்டலகேசி என்னும் பிக்குணியின் வரலாறு உள்ளது. கள்வனைக் காத்து மணந்தது, மலையுச்சி, தள்ளிவிட்டது, வாதத்துக்குப் பின் பௌத்தம் சேர்ந்தது ஆகிய எலும்புக்கூடு இரண்டிலும் பொருந்துகிறது. பௌத்தர் பாளியில் பாதுகாத்த கதையைச் சமணர் ஒருவர் தமிழில் நேர்மையாகவே சொல்லியிருக்கிறார். மறுப்பு தனியே நடந்தது. சுருக்கத்துக்குள் அவர் அதைக் கலக்கவில்லை.

அந்த உரையை எழுதும்போது குண்டலகேசி அழியும் என்று அவர் நினைத்திருக்க முடியாது. தம் சில பத்திகள் ஒரு காப்பியத்தின் தமிழ்ச் சாட்சியாக நிற்கப்போகின்றன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. சுருக்கம் எழுதும் எவருக்கும் இது தெரியாது.

அச்சுக்காலத்தில்

ஏட்டில் இருந்த நூல்கள் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறியபோது புதிய தேவை ஒன்று எழுந்தது. ஆசிரியரிடம் பாடம் கேட்டுப் படித்த நூலைத் தனியே வீட்டில் இருந்து படிக்கும் வாசகர் தோன்றினர். அவருக்குக் கதை முன்பே தெரியாது. உ. வே. சாமிநாதையர் இதனை உணர்ந்திருந்தார். 1898இல் அவர் வெளியிட்ட மணிமேகலைப் பதிப்பில் கதைச்சுருக்கமும், பௌத்த சமயம் பற்றிய விளக்கங்களும் இடம்பெற்றன. முன்பின் அறியாத சமயம், கிளைக்குள் கிளையாகச் செல்லும் முற்பிறப்புக் கதைகள் ஆகியவற்றால் தயங்கி நின்ற வாசகருக்கு அச்சுருக்கம் கைப்பிடியாக உதவியது. பெருங்கதையை 1924இல் பதிப்பித்த அவர், உதயணன் சரித்திரச் சுருக்கத்தையும் எழுதினார். சுருக்கம் எழுதியதால் மூலத்தைப் படிப்பவர் குறையவில்லை. படிக்கத் துணிந்தவர் கூடினர்.

1910இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி, புராணங்களையும் காப்பியங்களையும் பெயர் வரிசையில் சுருக்கித் தந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியம் 10 தொகுதிகளாக நிறைவுற்றது. இராஜாஜி மகாபாரதத்தை 'வியாசர் விருந்து' என்றும், இராமாயணத்தைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' என்றும் சுருக்கி எழுதினார். பிந்தைய நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் சுருக்கி வரைதல்

இன்று பள்ளியில் உள்ள சுருக்கி வரைதல் பயிற்சிக்கு வேறொரு மூலமும் உண்டு. பிரிட்டனில் 1855இல் அரசுப் பணித் தேர்வு ஆணையம் அமைந்தபின், நீண்ட கடிதப் போக்குவரத்துகளைப் படித்துச் சுருக்கும் 'பிரெசி' என்ற பயிற்சி எழுத்தர் தேர்வுகளில் இடம்பெற்றது. மேலதிகாரி கோப்பு முழுவதையும் படிக்காமல் முடிவெடுக்க அது உதவியது. அந்தப் பழக்கம் ஆங்கிலக் கல்வியோடு இங்கும் வந்தது. மூன்றில் ஒரு பங்கு, முதற்படி, திருந்திய படி, பொருத்தமான தலைப்பு என்ற முறை தமிழ்ப் பாடத்திலும் நிலைத்தது.

இம்முறையை நான் பல ஆண்டுகள் கற்பித்தேன். ஒருமுறை ஏரிகளைப் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்திருந்தேன். ஏரியை ஆழப்படுத்தினால் போதும் என்று பலர் கருதுகின்றனர் என்று அது தொடங்கும். கரையையும் மதகையும் வரத்துக் கால்வாயையும் சீர்செய்யாமல் ஆழப்படுத்துவது வீண் என்று முடியும். ஒரு மாணவர் ஏரியை ஆழப்படுத்துவதன் நன்மையை அழகாக எழுதியிருந்தார். சொற்கள் எண்ணிக்கை சரியாக மூன்றில் ஒரு பங்கு, தலைப்பும் உண்டு, பிழையே இல்லை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டேன். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மறுபடி படித்தபோதுதான், ஆசிரியர் மறுத்த கருத்தை அம்மாணவர் ஆசிரியர் கருத்தாகவே எழுதிவிட்டார் என்பது தெரிந்தது. சொற்களை எண்ணிய நான் 'ஆனால்' என்ற ஒரு சொல்லைத் தேடவில்லை. பிழை மாணவருடையது மட்டுமன்று. அதன்பின் சொல் எண்ணிக்கையைக் கடைசியில்தான் பார்த்தேன்.

நல்ல சுருக்கத்துக்கான வழிமுறைகள்

மேலே கண்ட வரலாற்றிலிருந்து பின்வரும் முறைகளைத் தொகுக்கலாம்.

1. முதலில் நூல் முழுவதையும் படித்து முடிக்க வேண்டும். படித்துக்கொண்டே சுருக்கினால் தொடக்கப் பகுதி நீண்டும் முடிவு தேய்ந்தும் போகும். பல சுருக்கங்களில் முதல் இயலுக்கு அரைப்பக்கமும் கடைசி மூன்று இயல்களுக்கு ஒரு வரியும் இருப்பதன் காரணம் இதுவே.

2. நூலை மூடிவைத்துவிட்டு, அதன் கருத்தை ஒரே தொடரில் எழுதிப் பார்க்க வேண்டும். அத்தொடர் வரவில்லை என்றால் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

3. செயலையும் காரணத்தையும் இணையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணப்பர் வரலாற்றில் குருதியும் கண்ணும் போல, ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காத இடங்களே நூலின் முதுகெலும்பு.

4. 'ஆனால்', 'எனினும்', 'என்பர்', 'என்று சிலர் கூறுவர்' போன்ற சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் தம் கருத்தைச் சொல்கிறாரா, பிறர் கருத்தை எடுத்துக்காட்டி மறுக்கிறாரா என்பதை அவையே காட்டும்.

5. எடுத்துக்காட்டு, உவமை, வருணனை, மேற்கோள் ஆகியவற்றைக் குறைக்கலாம். வாதமே ஓர் எடுத்துக்காட்டின்மேல் நிற்குமானால் அதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. மூலத்தின் வாக்கியங்களை வெட்டி ஒட்டாமல் சொந்த நடையில் எழுத வேண்டும். கலைச்சொற்களையும் பெயர்களையும் மட்டும் மாற்றக் கூடாது.

7. தம் பாராட்டையும் மறுப்பையும் சுருக்கத்துக்குள் கலக்கக் கூடாது. அவற்றுக்குத் தனி இடம் உண்டு.

8. எழுதி முடித்தபின், மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, புரிந்ததைச் சொல்லக் கேட்க வேண்டும். அவர் 'யார்? ஏன்?' என்று கேட்கும் இடங்களில் சேமேந்திரருக்கு நேர்ந்தது நமக்கும் நேர்ந்திருக்கிறது என்று அறிந்து திருத்த வேண்டும்.

9. அளவைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

இது போன்ற திறந்த தளங்களில் இன்று நூற்றுக்கணக்கான நூல்களுக்குச் சுருக்கங்கள் எழுதப்படுகின்றன. அவற்றுள் பல நூல்கள் மறுபதிப்புக் காணாதவை. சிலவற்றின் படிகள் ஓரிரு நூலகங்களில் மட்டுமே உள்ளன. ஒரு நூலுக்குப் பத்து வரி எழுதுபவர், நாளை அந்நூல் கிடைக்காமல் போனால் இப்பத்து வரியே அதன் பெயரில் பேசும் என்பதை மனத்தில் கொண்டு எழுதுவது நல்லது. நீலகேசி உரையாசிரியர் தாம் உடன்படாத நூலுக்கே அந்த நேர்மையைக் காட்டினார். நாம் விரும்பி எடுத்துக்கொண்ட நூலுக்கு அதில் குறை வைக்கலாகாது.